சத்தம் போடாத வண்டியில் என் பேத்தி

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு பயணம். என் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது பழக்கம்தான். மூத்த பேரன் மரியதாஸ் கும்பகோணத்தில் வங்கி மேலாளர் ஆகிவிட்டான். எங்கள் தெருவில் இதுவரை கடன் வாங்கத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், கொடுக்கப் போடுகிற முதல் ஆள் அவன். அவன் தங்கை ஸ்டெல்லா திருச்சியில் தலைமைச் செவிலியர். சின்ன மகள் வீட்டு ராபின் பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. அவன் தம்பி நீச்சலில் மாவட்டக் கோப்பை வாங்கினான். கோரையாற்றில் கற்ற நீச்சல். கொள்ளுப்பேத்தி நான்கு வயதில் மாறுவேடப் போட்டியில் கத்தரிக்காயாக நின்று இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய முருங்கைக்காயை நானும் பார்த்தேன், சுமார்தான்.

கடைசியாக ஜெனிட்டா. இரண்டாவது மகனின் மகள். அவளுடைய அப்பா அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது இரண்டு வயதில் என்னிடம் வந்தவள். வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகி, தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும்போது சின்னப் பந்தயக் கார் ஓட்டி, நாலு வருடமாகப் பெட்ரோல் கார் பந்தயங்களில் பரிசு வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன பயணம்தான் இது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவள், பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"அப்பாயி, அடுத்த வருஷம் நாட்டுலயே மேல் வகுப்புப் பந்தயத்துல பேட்டரி வண்டியும் வருது. அத ஓட்ட என்னையக் கூப்புடறாங்க. பெட்ரோல் வண்டியிலயும் எடம் இருக்கு. எது வேணும்னு பிப்ரவரி முடியறதுக்குள்ள சொல்லணும்."

"பேட்டரின்னா கரண்டுதானே?"

"ஆமா."

"எவ்வளவு கரண்டு?"

"நம்ம வீட்டுல வர்றத விட மூணு மடங்குக்கு மேல."

கரண்டியை வைத்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ வந்து ஒரு தடவ பாரு. பாத்துட்டு வேணாம்னு சொன்னா, வேணாம். சத்தியமா ஓட்ட மாட்டேன்" என்றாள். தை மாதக் கடைசிச் சனிக்கிழமை செங்கிப்பட்டிப் பக்கம் சோதனைப் பந்தயம் இருக்கிறது என்றும் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

என்னோடு பாத்திமா வந்தாள். முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் நாற்பது வருடப் பழக்கம். வேளாங்கண்ணிக்கும் அவள்தான் துணை, நாகூருக்கு நான் துணை. காலை ஐந்தரைக்கு முத்துப்பேட்டையில் மன்னார்குடி பஸ் ஏறினோம். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய். பெண்களுக்கு இலவச டவுன் பஸ்ஸும் உண்டு, ஆனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், காலை நேரத்தில் நம்ப முடியாது.

பொழுது விடியும்போதே இரண்டு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பாதி வயல் அறுத்துக் கிடக்கிறது, பாதியில் அறுவடை மெஷின் நிற்கிறது. ஒரு இடத்தில் மெஷின்காரர் நெல் கொட்டுகிற குழாயை மேலே தூக்கினார். அதற்கு மேலே மின்கம்பி தொய்ந்து கிடந்தது. நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். குழாய் கம்பிக்கு ஒரு முழம் கீழே நின்றது. பஸ்ஸில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

"என்னடி, இப்பவே ஜபமாலைய எடுத்துட்டே" என்றாள் பாத்திமா. "இன்னும் பாமணியாத்தக்கூடத் தாண்டல."

"கம்பியப் பாத்தேன்."

அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கிழவி எதற்கு இப்படி நடுங்குகிறாள் என்று நினைப்பீர்கள்.

எங்கள் வயல் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் வயலுக்குத் தானாக ஏறாது, இறைக்க வேண்டும். முதலில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தோம். அது போடுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். அடுப்படியில் இருந்தபடியே எனக்குத் தெரியும், எஞ்சின் நன்றாக இழுக்கிறதா, தண்ணீர் குறைந்து வெறுமனே சுற்றுகிறதா என்று. சத்தம் நின்றால் கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் அடைக்கலம் கால் கழுவ வந்துவிடுவார், நான் தட்டை எடுத்து வைப்பேன். பிறகு கரண்டு மோட்டார் வந்தது. டீசல் செலவு இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் மோட்டார் கொட்டகையில் சுவிட்சைத் தொட்டவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். பக்கத்து வயலில் நின்ற அவருடைய தம்பி சூசை ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்தார். எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒன்று என்றால் ஓடிப்போய்க் கையைப் பிடிப்போம், அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். இரண்டு பேரும் போய்விட்டார்கள். வீட்டில் நான் சோற்றை வடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சத்தம் இல்லாததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதனால்தான் பயம்.

மன்னார்குடியில் இட்லி, காப்பி. அடுத்த பஸ் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர், நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். வடுவூர் ஏரியில் பறவைகள் இந்த மாதம் நிறைய இருக்கும், நேரம் உள்ளவர்கள் இறங்கிப் பார்க்கலாம். நாங்கள் இறங்கவில்லை. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் திருச்சி பஸ் ஏறிச் செங்கிப்பட்டியில் இறங்கும்போது ஒன்பதே கால். அங்கிருந்து பந்தய இடம் நாலு கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தோம், நூறு ரூபாய். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஆட்டோ கிளம்பிவிட்டது, சத்தமே இல்லை.

"இது என்ன தம்பி, பேட்டரியா?"

"ஆமாம்மா. வாங்கி ரெண்டு வருஷம் ஆவுது."

"ஷாக் அடிக்காதா?"

"எங்க வீட்டம்மாதான் அடிக்கும்" என்றார் ஓட்டுநர். "கார் ரேஸ் பாக்கவா போறீங்க? இந்த வயசுலயா?"

"எம் பேத்தி ஓட்டறா."

"பெட்ரோல் வண்டிதானே?"

"பேட்டரி."

அவர் தலையை ஆட்டினார். "நான் பேட்டரி ஆட்டோதான் ஓட்டறேன். ஆனா ரேஸுன்னா சத்தம் வேணும்மா. காது கிழியணும். சத்தமில்லாத ரேஸு, தவிலு இல்லாத கல்யாணம் மாதிரி."

"தவிலு இல்லாட்டியும் தாலி ஏறுமில்ல" என்றாள் பாத்திமா. ஓட்டுநர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இறங்குகிறவரை உலோகத்தைத் தொடாமல் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

செங்கிப்பட்டிப் பக்கம் நம்ம டெல்டா மாதிரி இருக்காது. செம்மண், சரளை, முந்திரி மரம். அதற்கு நடுவில் கறுப்பாக வளைந்து வளைந்து போகிறது பந்தயச் சாலை. இரண்டரை கிலோமீட்டர் சுற்றாம். அவ்வளவு சுத்தமான தார்ச் சாலையைப் பார்த்ததும் பாத்திமா, "இதுல எத்தன மூட்டை நெல்லு காயப் போடலாம்" என்றாள். நுழைவுச்சீட்டு இருநூறு ரூபாய், அறுபது வயதுக்கு மேல் பாதி. ஆதார் அட்டை காட்ட வேண்டும்.

ஜெனிட்டா வந்து வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். வெள்ளை உடுப்பில் ஒல்லியாக இருந்தாள், சாப்பிடுவதில்லை போலிருக்கிறது. அவளுடைய வண்டியைக் காட்டினாள். ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு.

"இது பச்சையா எரிஞ்சா வண்டியத் தொடலாம் அப்பாயி. செவப்பா எரிஞ்சா யாரும் தொடக் கூடாது."

"நீ உள்ள இருப்பியே."

"உள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல. எறங்கறதுலதான் இருக்கு. ஒரு கால் வண்டியிலயும் ஒரு கால் தரையிலயும் இருக்கக் கூடாது. வண்டி மேல ஏறி நின்னு, ரெண்டு காலையும் சேத்துக் குதிச்சிடணும்."

சுவரோரம் கனமான ரப்பர் கையுறை மாட்டிய நாலு பேர் நின்றார்கள். ஒருவரிடம், ஒட்டிக்கொண்ட ஆளைத் தொடாமல் இழுக்க, நீளமான கொக்கி வைத்த கம்பு. வண்டி ஓடுகிற நேரம் முழுக்க இவர்கள் வேலை நிற்பதுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். எனக்குப் பின்னால் ஒரு வண்டி வந்து நின்றிருந்தது. வந்ததே கேட்கவில்லை. அங்கிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மூன்று பந்தயம். முதலில் பெட்ரோல் வண்டிகள். சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள். ஆனால் எனக்குப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டாலும் வண்டி எங்கே போகிறது, எங்கே திணறுகிறது என்று தெரிந்தது. ஆயில் எஞ்சின் மாதிரிதான்.

இரண்டாவது, எத்தனால் என்கிற எரிசாராயம் ஊற்றி ஓடுகிற வண்டிகள். கரும்பிலும் அரிசியிலும் எடுப்பதாம். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த குருங்குளம் பக்கத்துக் கரும்பு விவசாயி சந்தோஷமாகத் திரும்பிச் சொன்னார்: "பெரிய பந்தயத்துல எல்லாம் இது வரணும்மா. நம்ம கரும்புக்கு அப்பத்தான் வெல."

"கரும்பு சரி. அரிசிய ஏன் ஊத்தணும்?" என்றாள் பாத்திமா.

"ஒடைஞ்ச அரிசிதான்."

"ஒடைஞ்சா அது அரிசி இல்லையா? எங்கூட்டுல அதுதான் கஞ்சி."

"நீங்க சாப்புடறத யாரும் புடுங்கலம்மா."

"இன்னிக்குப் புடுங்கல" என்றாள் அவள். எனக்கு வேறு கவலை. அந்த எரிசாராயம் தீப்பிடித்தால் வெயிலில் சுடர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று ஜெனிட்டா சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தெரியாத தீ எதிலாவது எரிகிறதா என்று. தெரியாததை எப்படிப் பார்ப்பது?

மூன்றாவது பேட்டரி. எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வேன் பிடித்து அதற்குள் வந்துவிட்டார்கள், "ஜெனி அக்கா" என்று கத்திக்கொண்டு. கொடி அசைந்ததும் வண்டிகள் பாய்ந்தன. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சன்னமான கீச்சு, பிறகு டயர் உரசுகிற சத்தம். அந்தப் பக்கத்து வளைவுக்குப் போனதும் ஒன்றுமே இல்லை. ஒரு மைனா கத்துவது கேட்டது. நான் பழக்கத்தில் கண்ணை மூடினேன். மூடினால் பேத்தி இல்லை. சட்டென்று திறந்துவிட்டேன். அதன் பிறகு கண்ணைச் சிமிட்டவும் பயமாக இருந்தது.

ஏழாவது சுற்றோ எட்டாவது சுற்றோ, எங்களுக்கு எதிரே இருக்கிற வளைவில் பின்னால் வந்த வண்டி அவளுடைய வண்டியை இடித்தது. ஜெனிட்டாவின் வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி டயர் சுவரில் மோதி நின்றது. புகை இல்லை, தீ இல்லை. அவள் தலை அசைவது தெரிந்தது. தலைக்குப் பின்னால் விளக்கு சிவப்பாக எரிந்தது.

மைக்கில், "எல்லாரும் அவங்கவங்க எடத்துலயே இருங்க" என்றார்கள். கையுறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். வந்து, வண்டிக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை.

எங்கள் பையன்களுக்குப் பொறுக்கவில்லை. "பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே செல்வம் வேலிக் கம்பியில் ஏறினான். அவன் பின்னால் இரண்டு பேர். அந்த வேகம் எனக்குத் தெரியும். மோட்டார் கொட்டகைக்கு ஓடியவரின் வேகம் அது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, செல்வத்தின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தொங்கினேன்.

"தொடாதடா. தொட்டா செத்துருவ."

"விடு ஆயா, அக்கா உள்ள இருக்கு."

"இருக்கட்டும். எறங்கு."

பின்னால் ஒரு பெண், "காப்பாத்தப் போறவனப் புடிச்சி இழுக்குது பாரு இந்தக் கெழவி, பேத்தியாம்ல" என்றாள்.

"அவளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா? உக்காரு" என்றாள் பாத்திமா. அவளும் இன்னொருவனின் காலைப் பிடித்திருந்தாள்.

சட்டை கிழிந்தது. செல்வம் இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை.

அங்கே ஜெனிட்டா இடுப்பு வாரை அவிழ்த்து எழுந்தாள். ஒரு காலைத் தூக்கி உட்காரும் இடத்தில் வைத்தாள், அடுத்த காலையும். பிறகு வண்டியின் மேல் ஏறி நின்றாள். அவள் அவசரப்படவில்லை, எனக்கு அது ஒரு யுகம். எதையும் பிடிக்காமல் இரண்டு கையையும் நெஞ்சோடு மடித்துக்கொண்டாள். முழங்காலை மடக்கிக் குதித்தாள். இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. கொஞ்சம் தடுமாறி, நேராக நின்று, தள்ளி நடந்தாள். அதன் பிறகுதான் கையுறைக்காரர் ஒருவர் அவள் தோளைத் தொட்டார்.

கிழிந்த துணி இன்னும் என் கையில் இருந்தது.

சாயங்காலம் சொன்னார்கள், சோதித்துப் பார்த்ததில் கரண்டு எங்கும் கசியவில்லையாம், மோதியதில் விளக்குக்குச் சந்தேகம் வந்து எரிந்ததாம். ஜெனிட்டா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றாள். பாத்திமா மீன் வறுவல் கொடுத்தாள்.

"பயந்துட்டியா அப்பாயி?"

"நீ பயப்படலையா?"

"லைட்டப் பாத்ததும் பயந்துட்டேன். குதிக்கறப்போ தாத்தா ஞாபகம் வந்துச்சு. போட்டோவுலதான் பாத்திருக்கேன், ஆனா வந்துச்சு."

பிறகு, "வேணாமா?" என்றாள்.

"வீட்டுக்குப் போயிச் சொல்றேன்" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. கை கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் மறுபடி கம்பிகள். ஒவ்வொரு மோட்டார் கொட்டகையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிலும் விளக்கு இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கையுறை மாட்டிய ஆள் எவரும் நிற்கவில்லை. எங்களுக்கு மோட்டார் மாட்டிக்கொடுத்தபோது, ஈரக் கையோடு தொடாதே என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் ஒட்டிக்கொண்டால் மற்றவர் தொடக் கூடாது என்பதை நாங்கள் இரண்டு சவப்பெட்டி செய்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

பெரிய பந்தயத்தில் பேட்டரி வேண்டுமா, எரிசாராயம் வேண்டுமா, பெட்ரோலே போதுமா என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். சத்தம் போய்விடும் என்கிறார்கள், அது உண்மைதான், எனக்கே பிடிக்கவில்லை. அரிசியை ஊற்றுவதில் பாத்திமா சொல்வதுதான் என் கட்சியும். ஆனால் புதிய எஞ்சின் எதுவானாலும், ஆபத்து இருக்கிறதென்றால், அது முதலில் பந்தயத்துக்குத்தான் வர வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அங்கே ஒரு விளக்கு சும்மா சந்தேகத்துக்கு எரிந்ததற்கு அத்தனை பேர் தள்ளி நிற்கிறார்கள். ஓட்டுகிறவள் குதிக்கப் பழகியிருக்கிறாள். கற்க வேண்டியதையெல்லாம் அங்கே கற்றுக்கொண்டு, அந்த விளக்கையும் எடுத்துக்கொண்டு பிறகு எங்கள் வயலுக்கு வரட்டும். எங்களிடம் முதலில் வந்ததுதான் தப்பு.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இதை எழுதும்போதும் இரண்டு முறை தவறான எழுத்தை அழுத்தினேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எட்டு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து கிளம்பிவிடுங்கள். செங்கிப்பட்டிக்குத் திரும்பும்போது ஐந்து மணிக்கு மேல் ஆட்டோ கிடைக்காது, காலையில் வந்தவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடை உள்ளே விடமாட்டார்கள், தொப்பி வேண்டும். குடிதண்ணீர் உண்டு. கொட்டகைப் பக்கம் போனால் முன்னால் மட்டும் பார்க்காதீர்கள், பின்னாலும் பாருங்கள், சத்தம் வராது. வண்டி மோதி நின்றால் வேலி ஏறாதீர்கள். கூட வருகிற பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். செல்வத்துக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஜெனிட்டா, இணையத்தில் இந்தப் பக்கத்தை நீதான் தொடங்கிக் கொடுத்தாய். எனக்கு எழுத மட்டும்தான் தெரியும், படம் ஏற்றத் தெரியாது. மேலே இருப்பது நீ பெட்ரோல் காரில் உட்கார்ந்திருக்கிற பழைய படம். அதை எடுத்துவிடு. அடுத்த வருடத்துக்கு உன்னைக் கூப்பிட்டவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டு, புதிய படத்தைப் போடு. செல்வத்தின் கூட்டாளி வேலிப் பக்கமிருந்து போனில் எடுத்தது, வண்டிக்கும் தரைக்கும் நடுவில், இரண்டு காலும் எதிலும் படாமல் நீ இருக்கிறாயே, அந்தப் படம்.